இணையத்தில் சதுரங்கம் ஆடும்போது உங்கள் ஆட்டப் பாணி எத்தகையது? உங்கள் பலமும் பழக்கங்களும் எவை?

யாரிடமும் முறையாகப் பயிற்சி பெறாமல், பல ஆண்டுகளாக இணையத்தில் ஆடி, ஆட்டத் திறனை அளக்கும் தரப்புள்ளிகளில் 1500ஐச் சுற்றியே நின்றுவிட்ட ஒருவனின் பதில் இது. நான் நிதானமான ஆட்டக்காரன் என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். அது பாதிதான் உண்மை.

வெள்ளைக் காய்களில் ராணிக்கு முன்னிருக்கும் சிப்பாயை டி4 கட்டத்துக்கு நகர்த்தி, மந்திரியை (பிஷப்) எஃப்4 கட்டத்தில் வைத்து, இ3, சி3 என்று சிப்பாய்களை அடுக்கும் லண்டன் முறையே என் வழக்கம். எதிராளி எதை ஆடினாலும் முதல் ஏழெட்டு நகர்வுகள் பெரிதாக மாறுவதில்லை. சோம்பேறிகளின் தொடக்கம் என்று இதைக் கேலி செய்பவர்களுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. மந்திரி வெளியேறிய பின் பி2 சிப்பாய்க்குக் காவல் இல்லாமல் போவதால், சி5 ஆடிவிட்டு ராணியை பி6 கட்டத்துக்குக் கொண்டுவருபவர்களிடம் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டியிருக்கிறது. கறுப்பில், இ4 நகர்வுக்கு எதிராகக் காரோ-கான் என்ற தற்காப்புத் தொடக்கத்தை ஆடுகிறேன்.

என் உண்மையான பலம் இறுதியாட்டம். வாய்ப்புக் கிடைத்தால் ராணிகளை வெட்டிக்கொண்டு, யானைகளும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சும் நிலைக்குச் சென்றுவிடுவேன். என் மட்டத்தில் தொடக்க நகர்வுகளைப் பதினைந்து வரை மனப்பாடமாக ஆடுபவர்கள்கூட, ஆளுக்கொரு யானை எஞ்சும்போது ஒரு சிப்பாய் குறைந்தவர் சமன் செய்யும் வழியான ஃபிலிடோர் நிலையைக் கற்றிருப்பதில்லை. ஒரு சிப்பாய் குறைவாக இருப்பவர், தன் ராஜாவைச் சிப்பாயின் வழியில் நிறுத்தி, யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாம் வரிசையில் வைத்து எதிரி ராஜாவை முன்னேறவிடாமல் தடுக்கலாம். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்ததும், யானையைப் பலகையின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் வைத்துக்கொண்டே இருந்தால் ஆட்டம் சமனாகும். தோற்க வேண்டிய எத்தனையோ ஆட்டங்களை இந்த ஓர் அறிவு காப்பாற்றியிருக்கிறது. நகர்வுக்கு நகர்வு நேரம் கூடாத ஆட்டங்களில் இதற்குப் பயன் குறைவு என்பதால், 15 நிமிடத்துடன் ஒவ்வொரு நகர்வுக்கும் 10 விநாடி சேரும் ஆட்டங்களையே தேர்ந்தெடுக்கிறேன்.

பலவீனத்தை எனக்குக் காட்டியது கடிகாரம். ஒவ்வொரு நகர்வுக்கும் எவ்வளவு நேரம் செலவிட்டோம் என்பதை இணையத் தளங்கள் பதிந்துவைக்கின்றன. என் தோல்விகளை வரிசையாகத் திறந்து பார்த்தபோது, சிக்கலான நிலைகளில் நான் அதிகம் தோற்கவில்லை என்பது தெரிந்தது. எதிராளியின் குதிரையையோ மந்திரியையோ இலவசமாகப் பெற்றவுடன், அடுத்த நகர்வை இரண்டே விநாடியில் ஆடி, பெற்றதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். நிதானம் என்று நான் நினைத்தது பயம் இருக்கும்வரை மட்டுமே நீடித்திருக்கிறது.

ஆகவே சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். தொடர்ந்து இரண்டு ஆட்டங்கள் தோற்றால் அன்றைக்கு ஆடுவதில்லை. எதிராளியின் புள்ளிகள் தெரியாதபடி திரையை அமைத்திருக்கிறேன். தெரிந்தால், என்னைவிட நூறு புள்ளி கூடுதலானவரிடம் சமன் கேட்கும் மனநிலையிலேயே ஆடத் தொடங்கிவிடுவேன். ஒரு காயை வென்றதும் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு, எதிராளிக்கு இருக்கும் செக்குகளையும் வெட்டுகளையும் எண்ணிப் பார்க்கிறேன். எதிராளியின் நேரம் முடியப்போகும் தறுவாயில் மட்டும் இது கைகூடுவதில்லை: என் கடிகாரத்தில் நாலு நிமிடம் மிச்சமிருந்தாலும், அவரோடு சேர்ந்து நானும் அவசரப்படுகிறேன்.