நெல் அறையில் எலி எச்சம் கிடந்தால் ஹன்டா வைரஸ் வருமா?

கேள்வி கேட்டவர் அம்பாறைப் பக்கம் வேளாண்மை செய்பவர். நெல் கட்டி வைத்த அறை முழுக்க எலி எச்சம், ஹன்டா என்பதும் எலிக்காய்ச்சலும் ஒன்றா, பயப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். நான் மட்டக்களப்பு, படுவான்கரை. எங்களுக்கும் வயல்தான் சோறு போடுகிறது. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டும் ஒன்றல்ல. எலிக்காய்ச்சலைக் கொண்டு வருவது பக்டீரியா. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் இருந்து, கால் வெடிப்பு, கீறல் வழியாக உடம்புக்குள் இறங்கும். ஹன்டா ஒரு வைரஸ். எலியின் சிறுநீர், எச்சம், எச்சில் எல்லாம் காய்ந்து தூசியாக எழும்பும்போது மூச்சோடு உள்ளே போகும். கடியாலும் வரலாம், ஆனால் அது அரிது.

எங்கள் பகுதியில் முதலில் பயப்பட வேண்டியது எலிக்காய்ச்சலுக்குத்தான். 2008இல் மட்டும் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் அது வந்ததாகப் பதிவானது. வயல் இறங்கும் முன்பு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தரும் டொக்சிசைக்கிளின் குளிசையை அலட்சியம் செய்யாதீர்கள். ஆனால் அந்தக் குளிசை ஹன்டாவைத் தடுக்காது, அது பக்டீரியாவுக்கான மருந்து.

ஹன்டா எங்கோ தூரத்து நோய் என்றும் நினைக்க வேண்டாம். கொரியப் போரில் 3,000க்கு மேற்பட்ட படையினரைப் படுக்க வைத்த காய்ச்சலுக்குக் காரணம் இதுதான் என்று பிற்பாடு தெரிந்தது. அங்குள்ள ஹன்டான் ஆற்றின் பெயரே இதற்கும் வந்தது. ஆனால் கொரியாவில் அந்த வைரஸைக் கண்டுபிடிக்கும் முன்பே, 1964இல், தமிழ்நாட்டு வேலூரின் தோட்டப்பாளையத்தில் பிடித்த ஒரு மூஞ்சூறில் இதே குடும்பத்து வைரஸ் ஒன்று கிடைத்திருந்தது. இலங்கையிலும் 1980களிலேயே, எலிக்காய்ச்சல் என்று சந்தேகித்த நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் ஹன்டாவுக்கான பிறபொருளெதிரிகள், அதாவது அந்தத் தொற்றை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பொருட்கள், இருந்தன. அண்மையில், காரணம் தெரியாத சிறுநீரக நோய் அதிகமுள்ள, பதுளை மாவட்டத்துக் கிராந்துருகோட்டைப் பக்கத்திலும் அந்த நோயாளிகளிடம் இவை கூடுதலாகக் காணப்பட்டன. அந்தச் சிறுநீரக நோய்க்கு ஹன்டாதான் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் எங்கள் எலிகளும் இந்த வகை வைரஸைக் காவித் திரிகின்றன என்பதை நம்ப இது போதும்.

ஆசிய, ஐரோப்பிய வகைகள் பெரும்பாலும் சிறுநீரகத்தைத் தாக்கும். அமெரிக்கக் கண்டத்து வகைகள் நுரையீரலில் நீர் கோர்க்க வைக்கும், அதில் பத்துப் பேரில் மூன்று நான்கு பேர் இறக்கிறார்கள். ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவதாக நிறுவப்பட்டது தென்னமெரிக்காவின் அன்டீஸ் வகை மட்டும்தான். ஆகவே வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வந்துவிடும் என்று பதற வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் அறை. போகம் முடிந்து பூட்டிக் கிடந்த எங்கள் அறையைத் திறந்தபோது, சாக்கு மூலைகளை எலி அரித்து உமி கொட்டிக் கிடந்தது. தகர ஓட்டையால் விழுந்த வெயிலில் தூசி மிதந்தது. பெரியம்மா நேரே தும்புத்தடியை எடுத்தா. "பொறுங்க பெரியம்மா, முதல்ல தண்ணி தெளிப்பம்" என்றேன். "தூசிதானே மனே" என்றா. அந்தத் தூசிதான் ஆபத்து. காய்ந்த எச்சத்தைக் கூட்டவே கூடாது.

கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே நில்லுங்கள். பிறகு கையுறை போட்டு, திரவ பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, எச்சத்தின் மேல் நன்றாக ஊறும்படி மெல்லத் தெளியுங்கள். விசையாகப் பீச்சினால் தூசி கிளம்பிவிடும். ஐந்து நிமிடம் விட்டு, பழைய துணியாலோ கடதாசியாலோ துடைத்து, பையில் கட்டி எறியுங்கள். செத்த எலியையும் அப்படியே நனைத்துத்தான் எடுக்க வேண்டும். மூக்குக்குத் துவாய் கட்டுவது போதாது, என்95 முகக்கவசம் கிடைத்தால் அதுவே நல்லது. நெல்லைத் தரையில் போடாமல் பலகை அடுக்கி, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். அப்புறம், தகரத்துக்கும் சுவருக்கும் இடையில் உள்ள ஓட்டைகளை அடையுங்கள். சின்ன எலிக்கு விரல் மொத்த ஓட்டையே தாராளம்.

சித்தப்பாவுக்கு எலிக்காய்ச்சல் முற்றிச் சிறுநீர் நின்றபோது நான் பக்கத்தில் இருந்தவன். ஹன்டாவும் அதே மாதிரித்தான் தொடங்கும்: கடும் காய்ச்சல், தலையிடி, இடுப்பு வலி, கண் சிவப்பு, பிறகு சிறுநீர் குறையும். இரத்தப் பரிசோதனை இல்லாமல் இரண்டையும் பிரித்தறிவது டொக்டருக்கே கடினம். ஹன்டாவுக்கென்று நிரூபிக்கப்பட்ட தனி மருந்து பெரும்பாலும் கிடையாது, நேரத்துக்குப் போனால் ஆஸ்பத்திரியில் சிறுநீரகத்தைத் தாங்கிப் பிடிக்கலாம். கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிச் சமாளிக்காதீர்கள், சிலது சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும். காய்ச்சல் உடனே வராது. ஓரிரு வாரத்திலும் வரலாம், எட்டு வாரம் போயும் வரலாம். அதனால் காய்ச்சலோடு போகும்போது வயல் செய்வதையும், எலி எச்சம் கிடந்த அறையை எப்போது துப்புரவு செய்தீர்கள் என்பதையும் டொக்டர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.