துணி துவைத்தவருக்கு வந்த ஆஸ்பெஸ்டாஸ் நோய்: டர்பன் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில்

தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் நோயாளிகளின் நஷ்டஈட்டு மனுக்களுக்கு உதவி செய்பவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன.

சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்குத் துறைமுகத்தில் கப்பல் பாய்லர் வேலை. ஆஸ்பெஸ்டாஸ் தூசி படிந்த அவருடைய ஓவராலை உதறித் துவைத்த அம்மா, மெசோதெலியோமா (ஆஸ்பெஸ்டாஸால் வரும் ஒரு புற்றுநோய்) வந்து போன வருஷம் இறந்தார். அம்மா ஊழியர் இல்லை என்று அரசின் நஷ்டஈட்டு நிதி மனுவைத் திருப்பிவிட்டது. அவ்வளவுதானா அண்ணா?

இல்லைம்மா. வேலையில் வரும் காயத்துக்கும் நோய்க்கும் நஷ்டஈடு தரும் 1993ஆம் வருஷத்து கோய்டா (COIDA) சட்டம் ஊழியருக்குத்தான். சுரங்கத் தொழிலாளருக்கான 1973 சட்டமும் அப்படியே. அந்த வழி உங்களுக்கு இல்லை. ஆனால் ஊழியர் தன் முதலாளிமேல் வழக்குப் போடக் கூடாது என்று கோய்டா விதிக்கும் தடை, வீட்டில் இருந்தே நோய் வாங்கிய மனைவியைக் கட்டுப்படுத்தாது. கம்பெனியின் கவனக்குறைவைச் சொல்லி சிவில் வழக்குப் போடலாம். மருத்துவச் செலவு, ஈமச் செலவு, அவரை நம்பியிருந்தவர்கள் இழந்த ஆதரவு ஆகியவற்றைக் கேட்கலாம்.

"அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்?" என்று கம்பெனி கேட்கும். தெரிந்திருந்தது. 1960இல் நம் நாட்டு மருத்துவர்கள், பெரும்பாலும் வடக்கு கேப் பகுதியோடு தொடர்புள்ள 33 மெசோதெலியோமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் பலர் சுரங்கத்தில் வேலையே செய்யாதவர்கள். 1965இல் வந்த லண்டன் ஆய்வில் 76 நோயாளிகளில் 9 பேர் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். அதற்குப் பிறகும் அழுக்கு ஓவராலை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய முதலாளியை நான் மன்னிக்கமாட்டேன். அப்பா எந்த வருஷம்வரை அங்கே இருந்தார் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

நோயும் அதற்குப் பொறுப்பானவரும் தெரிந்த நாளிலிருந்து பொதுவாக 3 வருஷம்தான் கெடு. இந்த மாதமே வக்கீலைப் பாருங்கள்.

மெரபேங்கிலிருந்து: எங்கள் ஆயாவுக்கு (பாட்டிக்கு) இப்போதுதான் இதே நோய் உறுதியானது. பாவம், அலைக்கழிக்க வேண்டாமே, அப்புறம் பார்க்கலாமா?

தள்ளிப்போடாதீர்கள். அவர் பட்ட வலிக்கான நஷ்டஈடு அவருடைய சொந்த உரிமை. வழக்குத் தொடங்காமல் அவர் காலமாகிவிட்டால் அதைக் குடும்பம் கேட்பது மிகவும் கடினம். அலையவும் வேண்டாம்; வக்கீலை வீட்டுக்கு வரச் சொல்லலாம். யாருடைய துணி, எங்கே வைத்துத் துவைத்தார், தூசி எப்படிப் பறந்தது, எத்தனை வருஷம்: ஆயா வாயாலேயே சொல்லி, சத்தியப் பிரமாணமாக எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பயாப்சி அறிக்கையின் நகலும் வாங்கி வையுங்கள்.

தாத்தா வேலை பார்த்த கம்பெனி மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. எதைக் காட்டுவது?

பழைய சம்பளச் சீட்டு, யூனியன் அட்டை, பென்ஷன் கடிதம், எது கிடைத்தாலும் சரி. கூட வேலை பார்த்தவர் யாராவது இருந்தால் இன்றே போய்ப் பாருங்கள். அவர் வாக்குமூலத்தைப் போலீஸ் நிலையத்திலேயே சத்தியம் செய்து பதியலாம். மூடிய கம்பெனியை வேறொன்று வாங்கியிருக்கலாம், இன்ஷூரன்ஸ் இருந்திருக்கலாம். அதை வக்கீல் தேடுவார்.

ஆஸ்பெஸ்டாஸ் அறக்கட்டளை பணம் தருமாமே?

2003இல் ஜென்கோர் என்ற சுரங்க நிறுவனத்தோடு ஏற்பட்ட உடன்பாட்டில் பிறந்தது அது. குறிப்பிட்ட சுரங்கங்களோடும் ஆலைகளோடும் தொடர்புள்ளவர்களுக்கே. டர்பன் துறைமுக வேலைக்குப் பொருந்தாது.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை.

ஜெயித்தால் மட்டும் கட்டணம் என்று ஒப்பந்தம் போடலாம். அப்படிப் போட்டால், 1997ஆம் வருஷச் சட்டப்படி அவர் வழக்கமான கட்டணத்தின் இரண்டு மடங்கு, அல்லது கிடைக்கும் தொகையில் 25 சதவீதம், இதில் எது குறைவோ அதற்குமேல் வாங்கக் கூடாது. எழுத்தில் கேளுங்கள்.