சீ.ரி.யில் ஒரு அளவு, எம்.ஆர்.ஐ.யில் இன்னொரு அளவு: எதை நம்புவது?

அப்பாவின் நாக்கிலுள்ள புற்றுநோய்க் கட்டி சீ.ரி. ஸ்கேனில் 2.2 சென்ரிமீற்றர், எம்.ஆர்.ஐ.யில் 3 சென்ரிமீற்றர் என்று வந்திருக்கிறது, எது பிழை, கொழும்புக்குப் போய்த் திரும்ப எடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதிக்காரன். வெற்றிலையும் புகையிலையும் வாயை விட்டு இறக்காத என் அம்மாவுக்குக் கன்னத்தின் உட்புறம் கட்டி வந்தபோது, இதேபோல இரண்டு தாள்களோடு நானும் திகைத்து நின்றேன். "எந்தப் படம் மனே பொய் சொல்லுது?" என்று அம்மா கேட்டார்.

இரண்டுமே பொய் சொல்லவில்லை. சீ.ரி. எலும்பை நன்றாகக் காட்டும். தாடை எலும்பின் மேற்பரப்பு அரித்திருக்கிறதா என்று அதில்தான் பார்ப்பார்கள். ஆனால் நாக்கு தசை. கட்டியும் தசையும் சீ.ரி.யில் கிட்டத்தட்ட ஒரே சாம்பல் நிறம். பல்லில் உலோக அடைப்பு இருந்தால் இன்னும் மோசம், படம் முழுக்க வெள்ளைக் கீறல் விழும். எம்.ஆர்.ஐ. தசையைப் பிரித்துக் காட்டும், ஆனால் கட்டியைச் சுற்றியுள்ள வீக்கமும் சேர்ந்து தெரிவதால் அளவு கூடி வரலாம். எடுக்கும்போது எச்சில் விழுங்கினாலே படம் மங்கிவிடும்.

அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் சீ.ரி.யில் கன்னமும் முரசும் (பல் ஈறும்) ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததால் கட்டி எதில் தொடங்குகிறது என்றே பிரிக்க முடியவில்லை. அடுத்த தடவை கன்னத்தை ஊதிப் பிடிக்கச் சொல்லி எடுத்தார்கள். நடுவில் காற்று நின்றதும் கட்டி கன்னத்தில்தான், முரசில் இல்லை என்று தெளிவாகத் தெரிந்தது. மெஷின் அதேதான். எடுத்த விதம் மட்டும்தான் வேறு.

2004இல் வெளிவந்த ஒரு பெல்ஜிய ஆய்வு எனக்கு மறக்காது. ஒன்பது பேருக்குக் குரல்வளையை வெட்டி எடுத்து, உண்மையான கட்டியை முன்பு எடுத்த சீ.ரி., எம்.ஆர்.ஐ., பெற் ஸ்கேன் (ஊசியில் ஏற்றும் சர்க்கரை மருந்தைக் கட்டி இழுப்பதைக் காட்டும் படம்) மூன்றோடும் ஒப்பிட்டார்கள். மூன்றுமே கட்டியை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டின. பெற் கொஞ்சம் கிட்ட வந்தது. அதே நேரம் தோல்போல மேலே படர்ந்திருந்த பகுதியை மூன்றுமே தவறவிட்டன. பெரிதாகவும் காட்டும், விட்டும்விடும். டாக்டர் ஏன் ஸ்கேன் கையில் இருந்தும் விரலை வாய்க்குள் விட்டுத் தடவிப் பார்க்கிறார் என்பது எனக்கு அதை வாசித்த பிறகுதான் விளங்கியது. ரேடியோதெரபியிலும் (கதிர்ச் சிகிச்சை) படத்தில் தெரியும் கட்டியோடு நிறுத்துவதில்லை. கண்ணுக்குத் தெரியாத செல்களுக்காக ஒரு விளிம்பு, தலை அசைவுக்காகச் சில மில்லிமீற்றர் இன்னொன்று என்று கூட்டித்தான் கதிர் பிடிக்கும் இடத்துக்குக் கோடு போடுவார்கள்.

சரி, உங்கள் அப்பாவுக்கு வருவோம். நாக்குக் கட்டியின் நிலையைக் கணிக்கும்போது 2 சென்ரிமீற்றருக்கு மேல் 4 வரை ஒரே பிரிவு. 2.2, 3 இரண்டும் அதற்குள்தான். இப்போதைய முறையில் நீளத்தோடு ஆழத்தையும் பார்க்கிறார்கள்: 5 மில்லிமீற்றருக்குள்ளா, 10க்குள்ளா, அதற்கும் மேலா என்பது நிலையையே மாற்றும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது "ஆழம் எவ்வளவு, கழுத்து நெறிக்கட்டிக்குப் புற்று பரவியிருக்கிறதா" என்ற இரண்டைத்தான்.

அளவு ஒத்து வரவில்லை என்பதற்காக மட்டும் கொழும்புக்கு ஓடி வாரங்களைத் தொலைக்காதீர்கள். டாக்டர் ஒரு குறிப்பிட்ட காரணத்தைச் சொல்லித் திரும்ப எடுக்கச் சொன்னால் அது வேறு கதை, உடனே எடுங்கள். அடுத்த கிளினிக்குக்குத் தாளை மட்டும் கொண்டு போகாமல் இரண்டு ஸ்கேனின் சீடியையும் எடுத்துப் போய், சத்திரசிகிச்சை டாக்டரையும் புற்றுநோய் டாக்டரையும் ஒன்றாகப் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள். அம்மாவின் படங்களை அப்படி ஒரே மேசையில் வைத்துப் பார்த்த அன்றுதான் சத்திரசிகிச்சைக்குத் திகதி கிடைத்தது.