நாய்க்குத் தாத்தா

அன்புள்ள ஐயா,

நான் கோத்தகிரிக்காரன், ஓய்வு பெற்ற ஆசிரியன். மகளும் மாப்பிள்ளையும் வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்க்கிறார்கள். கல்யாணமாகி ஏழு வருடம். குழந்தை வேண்டாம் என்று முடிவே எடுத்துவிட்டார்களாம். இரண்டு நாய் வளர்க்கிறார்கள், கட்டிலில்தான் படுக்கை. போன வாரம் ஒன்றுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டி, "தாத்தாகிட்ட போடா" என்று என் பக்கம் தள்ளினாள். எனக்கு நெஞ்சை அடைத்துவிட்டது. ராத்திரியாவது வெளியே கட்டுங்கள் என்றேன், அதற்கும் சண்டை. பிள்ளை பெறாமல் நாய் வளர்ப்பதைப் போப் பிரான்சிஸ்கூட 2022இல் சுயநலம் என்றுதானே சொன்னார்?

ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர்.,

போப் சொன்னது உண்மைதான். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. நாம் பிள்ளை பெற்றது மட்டும் பொதுநலமா என்ன? கல்யாணமான மறு மாதமே "விசேஷம் உண்டா" என்று ஊரே கேட்டது, பெற்றோம். வயதான காலத்தில் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்ற கணக்கும் உள்ளே இருந்தது.

பிள்ளைகள் குறைந்ததற்கு நாய்மேல் பழி போடவும் முடியாது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. மக்கள்தொகை குறையாமலிருக்க 2.1 வேண்டும். 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சுவரெல்லாம் எழுதிய காலத்திலேயே தொடங்கிய இறக்கம் அது.

நம் தலைமுறைக்கு நாய் என்றால் வாசலோடு சரி. கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் வேறு. (நாய்க்கடி வைத்தியத்துக்காகத்தான் 1907இல் இங்கே குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டே வந்தது.) ஆனால் திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயை, செத்துப்போன எசமானின் பக்கத்தில் பெயரோடு செதுக்கியிருக்கிறார்கள். அதில் நாய் என்றேதான் எழுதியிருக்கிறது, பிள்ளை என்று இல்லை. இந்த இடத்தில் உங்கள் மகளோடு எனக்கும் கொஞ்சம் சண்டை உண்டு. கேக்கெல்லாம் நாய் கேட்டதா? அதிலும் சாக்லேட் கேக் என்றால் அதற்கு விஷம்.

எங்கள் தெருவில் பிள்ளை வேண்டாம் என்றிருந்த ஒரு தம்பதி. அவர்களுடைய லாப்ரடாருக்கு 13 வயதில் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. வீடு மேட்டில், ரோட்டுக்கு 42 படி. கடைசி நாலு மாதம் அந்த மனிதர் அதைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றித் தூக்கி, காலையும் மாலையும் மூத்திரம் போக இறக்கி ஏற்றினார். பனிமூட்டத்தில் ஆள் தெரியாது, படியில் மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்கும். அவரைச் சுயநலக்காரர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்களுக்கு வலிப்பது பேரன் இல்லாதது. அதை மகளிடம் ஒரே ஒரு தடவை நேராகச் சொல்லிவிடுங்கள். அவள் மனம் மாறாது என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் நாயைச் சாக்காக வைத்துத் தினமும் குத்துவதற்கு இது மேல்.

அப்புறம், ராத்திரி வெளியே கட்டுவது. கோத்தகிரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? எங்கள் ஜிம்மியை ஒரு மார்கழி இரவில் வராந்தாவில் கட்டியது நான்தான். சிறுத்தை வந்த சத்தமே கேட்கவில்லை. காலையில் தூணில் சங்கிலி கிடந்தது, அதன் நுனியில் கழுத்துப்பட்டை. என் மனைவி அந்தப் பட்டையை இன்னும் தூக்கிப் போடவில்லை.