டாக்டர் முன்னால் தலையாட்டுகிறார், வீட்டில் மாத்திரையைத் தொடுவதில்லை

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழில். மூன்று வருடங்களுக்கு முன் பிரஷர் 170/100 என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். டாக்டர் முன்னால் எல்லாவற்றுக்கும் "சரி சார்" என்பார். வீட்டுக்கு வந்தால் தலை கனத்தால் மட்டும்தான் போடுவார். மறுபரிசோதனைக்கு நான்கு நாள் இருக்கும்போது ஒழுங்காகப் போடத் தொடங்குவார். இந்த மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும், ஆயுள் முழுக்க அடிமையாக்கிவிடும் என்று யூடியூபில் பார்த்தாராம். கணுக்காலில் லேசான வீக்கமும் இருக்கிறது. போன மாதம் ஒரு விடிகாலையில் வலது கையிலிருந்த கத்தி நழுவி விழுந்தது, பேச்சும் குழறியது. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. மாமனார் ஆறு வருடம் பக்கவாதத்தில் கிடந்தவர். அதைச் சொல்லித் தினமும் பயமுறுத்தியும் பலன் இல்லை. இவர் ஏன் சொன்னபடி கேட்பதில்லை? டாக்டரை மாற்றித் திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போகட்டுமா?

- ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அம்மா, கணுக்கால் வீக்கத்துக்கும் மாமனாரின் நோய்க்கும் நடுவே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பத்து நிமிடம்தான் உங்கள் கடிதத்தில் முக்கியமான செய்தி. மற்றவை காத்திருக்கலாம், இது காத்திருக்காது. வலது கையின் பிடி தளர்வதும் அதே நேரத்தில் பேச்சுக் குழறுவதும், மூளையின் இடது பக்கத்துக்குப் போகும் இரத்தக் குழாய் ஒன்று சற்று நேரம் அடைபட்டுத் திறந்ததற்கான அடையாளம் என்றே முதலில் கருத வேண்டும். டி.ஐ.ஏ. என்று நாங்கள் சொல்லும் இந்தத் தற்காலிகப் பக்கவாதம் தானாகவே சரியாகிவிடுவதால், வந்தது போய்விட்டது என்று வீட்டார் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் முழுப் பக்கவாதம் வருவதற்கான வாய்ப்பு அதற்கடுத்த இரண்டு நாட்களில் மிக அதிகமாகவும், மூன்று மாதங்கள் வரை கணிசமாகவும் இருக்கிறது. அந்த இரண்டு நாட்களை நீங்கள் அறியாமலேயே கடந்து வந்துவிட்டீர்கள். மீதி நாட்களை அதிர்ஷ்டத்தின் பொறுப்பில் விட வேண்டாம்.

அடுத்த மறுபரிசோதனைத் தேதி வரை காத்திராமல், இதைப் படித்து முடித்ததும் அவரை அழைத்துக்கொண்டு புறப்படுங்கள். தலை ஸ்கேன், கழுத்து இரத்தக் குழாய் ஸ்கேன், ஈ.சி.ஜி., இரத்தத்தில் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். இரத்தத்தை இளக்கும் மாத்திரை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மருந்துக் கடையில் ஆஸ்பிரின் வாங்கி நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். மூளையில் கசிவு எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு அதைத் தொடங்க வேண்டியவர் மருத்துவர். இடையில் மறுபடியும் வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்கியபடி நிற்காமல் சரிந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் போடுவதற்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான் அவகாசம். அதற்குள் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனையில் ஸ்கேனும் முடிந்திருக்க வேண்டும். ஆகவே முதலில் பக்கத்துக் கிளினிக், பிறகு பெரிய ஆஸ்பத்திரி என்று சுற்ற வேண்டாம். நம் மாவட்டம் வர்ம வைத்தியத்துக்குப் பேர்போனது. கை கால் சுளுக்குக்கு ஆசானிடம் போவதை நான் தடுப்பதில்லை. ஆனால் வாய் கோணிய மனிதருக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரத்தை எந்த மருத்துவரும் திருப்பித் தர முடியாது.

இனி, அவர் ஏன் கேட்பதில்லை என்ற கேள்வி. உங்கள் கணவர் ஒருவரே இப்படி என்று நினைத்து மனம் நோகாதீர்கள். நாட்பட்ட நோய்களுக்கு மருந்து எடுப்பவர்களில் அதை ஒழுங்காகத் தொடர்பவர்கள், வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக ஏறக்குறைய பாதிப் பேர்தான் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் எழுதியது. அவர்கள் எல்லோரும் பிடிவாதக்காரர்கள் அல்லர். நோயைப் பற்றி ஒவ்வொரு மனிதருக்கும் சொந்தமாக ஒரு கணக்கு உண்டு. மருத்துவர் சொல்வது அந்தக் கணக்கோடு பொருந்தினால் கேட்கிறார், பொருந்தாவிட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார். உங்கள் கணவரின் கணக்கு, தலை கனத்தால் பிரஷர் இருக்கிறது, கனக்காவிட்டால் இல்லை என்பது. 1985-இல் அமெரிக்காவில் இரத்த அழுத்த நோயாளிகளிடம் நடத்திய ஓர் ஆய்வில், இந்த நோயை உடம்பை வைத்து உணர முடியாது என்று ஒப்புக்கொண்டவர்களிலேயே பலர், ஆனால் எனக்குக் கூடினால் எனக்குத் தெரிந்துவிடும் என்றும் நம்பினார்கள். நம் ஊர்க்காரர் மட்டும் விதிவிலக்காக இருப்பாரா என்ன? 170-இல் இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. ஆகவே அவர் தலை கனக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, வாரத்துக்கு இரண்டு முறை கருவியில் அளந்து, அந்த எண்ணையும் அன்றைக்குத் தலை எப்படி இருந்தது என்பதையும் காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதை ஒரே மாதத்தில் அவரே பார்த்துவிடுவார். நான் சொல்லி நம்பாததை அவர் கையெழுத்து நம்ப வைக்கும்.

தினமும் மாமனாரைச் சொல்லிப் பயமுறுத்துகிறீர்களே, அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். 1965-இல் யேல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு டெட்டனஸ் நோயின் கொடுமையை விளக்கும் துண்டுப் பிரசுரங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். பயந்தவர்கள் ஊசி போட வேண்டும் என்றுதான் சொன்னார்கள், ஆனால் போகவில்லை. ஊசி போடும் இடத்தின் வரைபடத்தையும் கொடுத்து, எந்த நேரத்தில் போவது என்று முடிவு செய்யவும் சொன்ன குழுவில் 28 சதவீதம் பேர் போனார்கள். அது இல்லாத குழுவில் வெறும் 3 சதவீதம். ஆறு வருடம் தகப்பனின் படுக்கையருகே இருந்த மகனுக்குப் பயம் போதாமல் இல்லை. ஒவ்வொரு மாத்திரையும் நீயும் அவரைப் போலத்தான் என்று நினைவூட்டுவதால்தான் அவர் அட்டையைக் கண்ணில் படாத இடத்தில் வைக்கிறார் என்பது என் ஊகம். அவருக்குத் தேவை ஒரு நேரமும் ஓர் இடமும். இருட்டோடு எழுந்து பால்வெட்டப் போகிறவரிடம் காலை உணவுக்குப் பின் ஒன்று என்று எழுதிய சீட்டு என்ன செய்யும்? தோட்டத்திலிருந்து திரும்பி வந்து அவர் தவறாமல் குடிக்கும் கட்டன்சாயா டம்ளரின் பக்கத்தில் மாத்திரை இருக்கட்டும். பெரும்பாலான பிரஷர் மாத்திரைகளுக்கு அந்த நேரமே போதும். அவர் மாத்திரைக்கும் பொருந்துமா என்று மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வெட்டு நின்றுவிட்டால் மாத்திரையும் நின்றுவிடுகிறதா என்பதைக் கவனியுங்கள், வழக்கம் மாறும்போதுதான் பலர் நழுவுகிறார்கள்.

பரிசோதனைக்கு முந்தைய நான்கு நாள் மட்டும் போடுவது இருக்கிறதே, அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பல மாத்திரைகள் முழுப் பலனைக் காட்ட ஒரு வாரமாவது ஆகும். அரைகுறையாக இறங்கிய எண்ணைப் பார்த்த மருத்துவர், மருந்து போதவில்லை என்று இன்னொன்றைச் சேர்ப்பார். பிறகு ஒரு நாள் இவர் திருந்தி எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் தலை சுற்றி விழுவார், விழுந்ததும் மாத்திரைதான் விழ வைத்தது என்பார். கடற்கரை ஊரைச் சேர்ந்த ஒரு பெரியவருக்கு நான் மூன்றாவது மாத்திரையை எழுதப் பேனாவைத் திறந்த நாளில், அவர் மனைவி ஒரு துணிக்கடைப் பையை என் மேசைமேல் கவிழ்த்தார். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பதினொரு அட்டைகள், ஒரு மாத்திரைகூடப் பிரிக்காமல். "நீங்க மனசு நோவக்கூடாதுண்ணுதான் சொல்லல்ல டாக்டரே" என்றார் பெரியவர். மாதாமாதம் மருந்தை வாங்குவதே எனக்குச் செய்யும் மரியாதை என்று அவர் நினைத்திருக்கிறார். நான் அதுவரை எத்தனை வேளை தவறியது என்று கேட்டதே இல்லை, ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று அதட்டியதுதான் உண்டு. அதட்டலுக்கு "சரி சார்" தவிர வேறு பதில் கிடையாது.

ஆகவே டாக்டரை மாற்றுவதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள்: இந்த டாக்டரிடம் போடவில்லை என்று உண்மையைச் சொல்ல உங்கள் கணவருக்கு வாய் வருமா? வரும் என்றால் திருவனந்தபுரம் தேவையில்லை. வராது என்றால் திருவனந்தபுரத்திலும் அவர் சரி சார் என்றுதான் சொல்லிவிட்டு வருவார்.

யூடியூப் மருத்துவர்களுக்குப் பதில் எழுதி எனக்குச் சலித்துவிட்டது. சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத இரத்த அழுத்தம். அதற்குப் போடும் மாத்திரையின் தலையில் பழியைப் போடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் கிரியாட்டினினுக்கு ஒரு இரத்தப் பரிசோதனையும் புரதத்துக்கு ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள், வீடியோவை விட அவை மலிவு. தொடர்ந்து தேவைப்படுவதும் அடிமையாவதும் ஒன்றல்ல. கணுக்கால் வீக்கம், அவர் போடுவது அம்லோடிபின் என்றால், அந்த மாத்திரையின் வழக்கமான குணம். வேறு மாற்றித் தரலாம். மூச்சு வாங்கினாலோ முகமும் வீங்கினாலோ அது வேறு விஷயம், உடனே சொல்ல வேண்டும். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் தாராளமாகச் சாப்பிடட்டும்; கருவாட்டையும் ஊறுகாயையும்தான் குறைக்க வேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டில் மிச்சமிருக்கும் அட்டைகள் அத்தனையையும் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள். எந்தக் கை, எத்தனை நிமிடம், என்ன வார்த்தை குழறியது என்பதை நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்டால், "ஒரு குழப்பமும் இல்ல டாக்டரே" என்பார்.