கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் போன்ற அமெரிக்கக் கூடைப்பந்து அணிகள், வயதாகிவரும் நட்சத்திர வீரர்களின் ஒப்பந்தத்தை நீட்டிப்பது சரியா?

நீட்டிக்கலாம். ஓராண்டு, மிஞ்சிப்போனால் ஈராண்டு. அதுவும் பழைய ஒப்பந்தம் முடியும் தறுவாயில். தொகையைப் பார்த்துத்தான் எல்லோரும் வாயைப் பிளக்கிறோம். ஆனால் நான் பார்த்தவரை அணிகள் மாட்டிக்கொண்டதெல்லாம் அவசரப்பட்டதாலும் ஆண்டுகளைக் கூட்டியதாலும்தான்.

முதலில் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் பேசினால் வாதம் வீணாகப் போகும். இந்த அணிகள் ஆடும் என்பிஏ லீக்கில், ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்குச் சம்பள வரம்பு என்று ஒன்று உண்டு. வெளியிலிருந்து ஒரு பெரிய வீரரை எடுக்க வரம்புக்குள் இடம் வேண்டும். ஆனால் சொந்த வீரரைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம். பாஸ்டன் அணியின் பழைய நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரால் இதைப் பேர்ட் உரிமை என்பார்கள். அதனால், 'பெரிசுக்குக் கொட்டும் காசில் இளசு ஒருவனை வாங்கலாமே' என்ற யோசனை பல நேரம் காகிதத்திலேயே நின்றுவிடும். 2024இல் வாரியர்ஸின் கிளே தாம்சன், 34 வயதில், 3 ஆண்டுக்கு 5 கோடி டாலர் என்று டல்லஸ் அணிக்குப் போனார். அந்தப் பணம் அப்படியே வாரியர்ஸ் கையில் செலவுக்கு வந்துவிடவில்லை. அவர்கள் ஏற்கெனவே வரம்புக்கு மேலே இருந்தவர்கள்.

ஆகவே, விட்டால் என்ன கிடைக்கும் என்பதுதான் முதல் கேள்வி. ஒன்றும் கிடைக்காது என்றால் வைத்துக்கொள்வதில் தவறில்லை. எப்போது, எத்தனை ஆண்டுக்கு என்பது அப்புறம்தான் வரும்.

இதில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் நட்சத்திரம் கோபி பிரையன்ட் கதையை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2013 ஏப்ரலில் அவருக்கு குதிகாலுக்கு மேலுள்ள அகில்லிஸ் தசைநார் கிழிந்தது. அதே ஆண்டு நவம்பர் 25 அன்று, காயத்துக்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட அவர் ஆடியிராத நிலையில், லேக்கர்ஸ் 2 ஆண்டுக்கு 4 கோடியே 85 லட்சம் டாலர் எழுதிக் கொடுத்தது. வயது 35. பழைய ஒப்பந்தத்தில் அந்த சீசனின் பெரும்பகுதி மீதி இருந்தது. எதிரே யாரும் ஏலம் கேட்கவில்லை. டிசம்பர் 8 அன்று களத்துக்குத் திரும்பினார். ஆறே ஆட்டம், முழங்காலில் எலும்பு முறிவு. ஒரு மாதம் பொறுத்திருந்தால் பேரமே வேறு மாதிரி நடந்திருக்கும்.

புது ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில் 35 ஆட்டத்தோடு தோள்பட்டை போனது. அணி 82 ஆட்டத்தில் 21 வென்றது. அடுத்த ஆண்டு 17. லேக்கர்ஸ் வரலாற்றிலேயே மோசமான சீசன் அது.

ஆனால் ஒன்று. அந்தத் தோல்விகளுக்கெல்லாம் அவர் சம்பளத்தையே காரணம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 2015 கோடையில் அவர் சம்பளம் போகவும் லேக்கர்ஸிடம் இடம் இருந்தது. நட்சத்திர வீரர் லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜை நேரில் சந்தித்தும் பேசினார்கள். அவர் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்குப் போனார். ஏன்? அங்கே ஜெயிக்கிற அணி தயாராக இருந்தது. அவருக்கு இடம் ஒதுக்குவதற்காக ஸ்பர்ஸின் மூத்த நட்சத்திரம் டிம் டங்கன் ஆண்டுக்கு 50 லட்சம் டாலரை ஒட்டிய சம்பளத்துக்கு இறங்கி வந்திருந்தார். அதற்கு முன்பே 2012இல், 36 வயதில், 2 கோடிக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவர் சுமார் 1 கோடிக்கு இறங்கியிருந்தார்; 2014இல் ஸ்பர்ஸ் கோப்பையை வென்றது.

டங்கனைக் காட்டி மற்ற வீரர்களைப் பேராசைக்காரர் என்று திட்டுவதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். வாரியர்ஸின் ஸ்டீபன் கறி 2012இல் 4 ஆண்டுக்கு 4 கோடியே 40 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டு, அந்தச் சம்பளத்திலேயே இரண்டு முறை எம்விபி, அதாவது சீசனின் சிறந்த வீரர், ஆனார். அப்போது எந்த முதலாளியும் கூப்பிட்டுக் கூடக் கொடுக்கவில்லை. வயதான காலத்தில் வாங்குவது பழைய பாக்கி என்று வீரர் நினைத்தால் அது நியாயம்தான். சிக்கல் என்னவென்றால், சம்பள வரம்பு பழைய பாக்கியை எல்லாம் பார்க்காது.

கோபியின் கடைசி ஆட்டம் நமக்குச் சித்திரை முதல் நாள் காலையில் வந்தது, 2016. முதல் ஐந்து ஷாட்டும் தவறின. கடைசியில் மொத்தம் 50 ஷாட் எறிந்து 60 புள்ளி, கடைசிக் கால்பகுதியில் மட்டும் 23. பண்டிகைச் சமையலை விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்து பார்த்த என் அக்காவுக்குக் கூடைப்பந்து விதி ஒன்றும் தெரியாது. லேக்கர்ஸ் உண்மையில் விலை கொடுத்து வாங்கியது இந்த மாதிரி ஒரு இரவைத்தான், அரங்கு நிறைந்த ஒரு விடைபெறலை. வியாபாரமாகப் பார்த்தால் நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். அதைக் கோப்பைக்கான திட்டம் என்று சொல்லி விற்றதுதான் தவறு.

அதே அவசரத்தை 2024 செப்டம்பரில் பிலடெல்பியா அணி செய்தது. அதன் நட்சத்திரம் ஜோயல் எம்பீடுக்கு ஒப்பந்தத்தில் 2 ஆண்டு பாக்கி. முழங்கால் ஏற்கெனவே படுத்திக்கொண்டிருந்தது. இருந்தும் மேலே 3 ஆண்டுக்குச் சுமார் 19 கோடி டாலர் சேர்த்தார்கள். அந்த சீசனில் அவர் ஆடியது 19 ஆட்டம். அவருக்கு வயது 30தான், கவனியுங்கள். பிறந்த தேதியைவிட முழங்காலின் ஸ்கேன்தான் பேசும். 10 ஆண்டு முடித்த ஒரு நட்சத்திரம் வரம்பில் 35 சதவீதம் வரை வாங்கலாம். அப்படி இருவர் ஒரே நேரத்தில் படுத்துவிட்டால் மீதி இருப்பதில் அணி கட்ட முடியாது. லீக்கும் வீரர்களும் போட்ட 2023 ஒப்பந்த விதிகள் வந்தபின், சம்பளச் செலவு வரம்புக்கும் மேலே உள்ள இரண்டாம் எல்லையைத் தாண்டிய அணி, இரண்டு வீரர் சம்பளத்தைச் சேர்த்துக் கொடுத்து வேறு அணியிடம் ஒரு வீரரை மாற்றி வாங்கும் ட்ரேடுகூடச் செய்ய முடியாது.

நீட்டிப்பது என்றால் கடைசிவரை வைத்திருப்பது என்றும் அர்த்தமில்லை. பாஸ்டன் 2012இல் கெவின் கார்னெட்டுக்கு 3 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அடுத்த கோடையில் 37 வயது கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் புரூக்ளினுக்கு அனுப்பிவிட்டு, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்று உரிமைகளை அள்ளியது. அதில் முளைத்தவர்கள்தான் ஜேலன் பிரவுனும் ஜேசன் டேட்டமும். ஒப்பந்தம் முடிந்து சும்மா போகவிட்டிருந்தால் கையில் ஒன்றும் இருந்திருக்காது. ஈவிரக்கமில்லாத வேலைதான், 15 ஆண்டு ஆடிய பியர்ஸை அப்படி அனுப்பியது. ஆனால் 2024 கோப்பை அதன் பலன்.

சரி, வாரியர்ஸ். கறிக்கு 2024இல் சேர்த்தது ஒரே ஓராண்டு, 2026-27க்கு சுமார் 6 கோடியே 26 லட்சம் டாலர். 35 வயதில் வந்த ஜிம்மி பட்லருக்கு எழுதிய ஒப்பந்தமும் அதே சீசனோடு முடிகிறது. டிரேமண்ட் கிரீனின் 4 ஆண்டு, 10 கோடி டாலர் ஒப்பந்தமும், அவர் விருப்பத்துக்கு விடப்பட்ட கடைசி ஆண்டையும் சேர்த்தால், அதே கோடையில் தீரும்படி எழுதப்பட்டது. மூன்றும் ஒன்றாகத் தீரும்படி எழுதியிருப்பது எனக்குச் சரியாகவே படுகிறது. அதற்கு மேல் கறிக்கு ஓராண்டு ஓராண்டாகக் கொடுக்கலாம். அரங்கம் நிறைவதே அவரால்தான். மற்ற இருவருக்கும் 2027 கோடைக்கு முன்னால் பேனாவைத் திறக்க நான் சம்மதிக்க மாட்டேன்.