கண்ணில் சேரும் சார்பிட்டால் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: வயது 56, சேலம் அம்மாப்பேட்டை. எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். போன வாரம் ஏற்காட்டிலிருந்து வந்த பேரிக்காய் மூன்றை ஒரே நேரத்தில் சாப்பிட்டேன், கூடவே சர்க்கரை சேர்க்காத பிஸ்கட். ராத்திரி முழுக்க உப்புசம், பேதி. பிஸ்கட்டில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டால் கண்ணில் சேர்ந்து புரை வரும் என்கிறார் நாத்தனார். உண்மையா டாக்டர்?

பதில்: பேதிக்குக் காரணம் பெரும்பாலும் சார்பிட்டால்தான் அம்மா. ஆனால் புரைக்கு நீங்கள் சாப்பிட்ட சார்பிட்டால் காரணமாகாது.

பேரி மரம் இலையில் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பகுதியைச் சார்பிட்டாலாக மாற்றித்தான் காய்க்கு அனுப்புகிறது. நறநறவென்று கடிபடும் அந்தச் சதையில் 100 கிராமுக்குச் சுமார் 2 கிராம் இருக்கும். சிறுகுடல் இதை அரைகுறையாகத்தான் உறிஞ்சும். மிச்சம் குடலுக்குள் தண்ணீரை இழுக்கும், பெருங்குடல் கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். 10 கிராமிலேயே சிலருக்கு வயிறு உப்பிவிடும். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிச் சேர்பொருள் பட்டியலில் உள்ள எண்களைப் பாருங்கள்: 420 என்றிருந்தால் சார்பிட்டால், 965 என்றால் அதன் உறவான மால்டிட்டால்.

சரி, கண்ணுக்கு வருவோம். குடல் உறிஞ்சிய சார்பிட்டாலைக் கல்லீரலில் சார்பிட்டால் டீஹைட்ரோஜினேஸ் என்ற நொதி ஃபிரக்டோஸாக மாற்றிவிடுகிறது. கண் லென்ஸில் சேருவது அங்கேயே உண்டாவது. ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறினால், இன்சுலின் உதவி இல்லாமலேயே அது லென்ஸுக்குள் புகுந்துவிடும். அங்கே ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி அதைச் சார்பிட்டாலாக்குகிறது. அதை ஃபிரக்டோஸாக்க வேண்டிய இரண்டாவது நொதிக்கு லென்ஸில் அவ்வளவு வேகம் இல்லை. உண்டான சார்பிட்டாலால் செல்லைவிட்டு எளிதில் வெளியேறவும் முடியாது. தண்ணீரை இழுத்து லென்ஸ் ஊதுகிறது. சர்க்கரை ஏறிய நாட்களில் பார்வை மங்கி, பிறகு தெளிவது இதனால்தான். வருடக்கணக்கில் நீடித்தால் புரை விழ இதுவும் ஒரு காரணம். கால் நரம்புகளிலும் இதே வேலை நடக்கிறது.

உங்கள் கடிதத்தில் நாத்தனார் சொன்னது இருக்கிறது, மூன்று மாதச் சர்க்கரை அளவு இல்லை. எனக்குக் கவலை அதில்தான். இந்த வாரமே அதைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையைப் பாருங்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பார்வை நன்றாக இருந்தாலும் வருடம் ஒரு முறை இது வேண்டும்.

பேரிக்காய் தாராளமாகச் சாப்பிடலாம், ஒரு வேளைக்கு ஒன்று. பிஸ்கட்டை விட்டுவிடுங்கள். அதில் சர்க்கரைதான் இல்லை, மைதா இருக்கிறது, அதுவும் குளுக்கோஸாகத்தான் மாறும். அப்புறம், பழமும் பிஸ்கட்டும் இல்லாத நாளிலும் பேதி தொடர்ந்தால், மெட்ஃபார்மின் மாத்திரை எடுக்கிறீர்களா என்று பாருங்கள். அதுவும் வயிற்றைக் கலக்கும். நீங்களாக நிறுத்தாமல் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.